கிணற்று நீரின் உப்பை அளத்தல்

கடல் நீரைச் சோதிப்பதைப் பற்றிப் பேசுபவர் கடற்கரையிலே குடியிருக்க வேண்டும் என்று நேயர்கள் எண்ணக்கூடும். நான் இருப்பதோ கணியம்பாடி. வேலூருக்குத் தெற்கே, கண்ணமங்கலம் செல்லும் சாலையிலுள்ள ஊர். பக்கத்தில் ஓடும் ஆறு நாகநதி. ஓடும் என்று சொல்வதும் மரியாதைக்காகத்தான், ஆண்டில் பெரும்பகுதி அது மணலாகவே கிடக்கும். கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆயினும் உப்பு நீருக்கும் எனக்கும் உள்ள பழக்கம் நெடுநாளையது. ஆம்பூர்ப் பக்கத்தில், பாலாற்றங்கரைக் கிராமமொன்றின் பள்ளியில் பல ஆண்டுகள் இரசாயன ஆசிரியனாக இருந்தேன். பின்னர்த் தலைமையாசிரியனாகி, 2018-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றேன். அந்தப் பகுதியின் கிணறுகளே எனக்கு உப்பைப் பற்றிப் பாடம் சொல்லிக் கொடுத்தன.

அங்கே உப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் கெடாதிருக்க, உரித்த உடனே அவற்றில் உப்பைத் தடவி அடுக்குவார்கள். அப்படி அடுக்கிய தோல் பதனிடும் ஆலைக்கு வந்ததும், முதல் வேலையாக நீரில் ஊறப் போடப்படும். தடவிய உப்பெல்லாம் அந்த ஊறல் நீரில் இறங்கிவிடும். பின்னால் வரும் குரோமியப் பதனீட்டிலும் உப்பு சேரும். பல்லாண்டுகளாக இந்த நீர் பாலாற்றின் மணலிலும் வயல்களிலும் விடப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேடு விளைவித்தவரே அதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தில் ஊன்றி நின்றது அத்தீர்ப்பினால்தான். தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ பயிருக்குத் தகுதியற்றுப் போயிற்று என்ற கணக்கும் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. பிறகு இழப்பீட்டை நிர்ணயிக்க ஓர் ஆணையம் அமைந்தது. 2001-ஆம் ஆண்டில் அது 547 ஆலைகளையும், பாதிக்கப்பட்டோராக 29,193 பேரையும், 15,164 ஹெக்டேர் நிலத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு இழப்பீடு வகுத்தது.

இந்த எண்களுக்கு அடியில் வேறு சிறிய எண்கள் உண்டு. ஒரு கிணற்றின் ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் குளோரைடு என்பது போன்றவை அவை. அவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1999-ஆம் ஆண்டு என்று நினைவு. ஒரு மாலை, பள்ளி விட்டபின், அவ்வூர்க் குடியானவர் ஒருவர் சோதனைச்சாலை வாசலில் வந்து நின்றார். மடியிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். மூன்றும் அவருடைய ஒரே கிணற்றின் குளோரைடு அளவுகள். முதல் தாளில் 860 என்றிருந்தது; இரண்டாவதில் 2,150; மூன்றாவதில் 1,720. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். இந்திய நியம நிறுவனத்தின் அளவுகோல்படி குடிநீரில் குளோரைடு 250-க்குள் இருப்பது நலம். வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆகவே முதல் தாளின்படி அவர் அந்நீரைக் குடிக்கலாம்; மற்ற இரண்டின்படி கூடாது.

"சார், இழப்பீட்டு மனுவுக்கு எந்தக் காகிதத்தை வைக்கிறது? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார்.

மூன்றாவது தாள் எங்கள் பள்ளியுடையது. என் மாணவர்கள் சோதித்து, நான் கையொப்பமிட்டு, பள்ளி முத்திரையும் வைத்துக் கொடுத்தது. மற்ற இரண்டும் வெளியிடத்துச் சோதனைச்சாலைகளின் தாள்கள். நடுவில் இருக்கும் எண்ணே நியாயமானதாக எவருக்கும் தோன்றும். ஒன்று மிகக் குறைவு, ஒன்று மிக அதிகம், ஆகவே இடையிலிருப்பதே உண்மை என்று மனம் தானாகவே தராசு பிடித்துவிடுகிறது. நானும் அவ்வாறே எண்ணி, "எங்கள் தாளையே வையுங்கள் ஐயா" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளையாக, முதலிரு தாள்களிலும் இருந்த தேதிகள் கண்ணில் பட்டன.

முதல் தாளுக்கான நீர் நவம்பரில் எடுக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழை கொட்டி, கிணற்றில் நீர் மேல்படி வரை ஏறியிருந்த காலம். இரண்டாவது, மே மாதத்து நீர்; அடிப்பாறை தெரியும்படி வற்றியிருந்தபோது வாளியில் மொண்டது. அப்படியானால் இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இரண்டு கேள்விகளுக்கு இரண்டு விடைகள், அவ்வளவே. நீரின் அளவு கூடும்போது உப்பு நீர்த்துப்போகிறது, குறையும்போது செறிகிறது. ஓராண்டில் இரு வேறு நீர்களைத் தாங்கும் கிணற்றுக்கு ஓர் எண் போதாது. மாணவர்களே, தேதியும் நீர்மட்டமும் எழுதாத சோதனைத் தாளைப் பெயர் எழுதாத விடைத்தாளுக்கு நிகராகவே மதியுங்கள்.

எங்கள் எண் பிப்ரவரியில் எடுத்தது. காலத்தால் நடுவில் இருந்தது, அளவாலும் நடுவில் இருந்தது. எல்லாம் பொருந்தியதே! இருந்தாலும் ஒரு சிறு உறுத்தல் இருந்தது. மறுநாள் காலை, எங்கள் கரைசல்களை நாங்களே சோதித்துப் பார்த்தோம்.

குளோரைடை அளக்கும் முறையைக் கல்லூரி மாணவர்கள் அறிவார்கள். பள்ளி மாணவர்களுக்காகச் சுருங்கச் சொல்கிறேன். நீரில் சில துளி பொட்டாசியம் குரோமேட் விட்டால் மஞ்சள் நிறம் வரும். பியூரெட்டிலிருந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். நீரிலுள்ள குளோரைடு அனைத்தையும் வெள்ளி பற்றிக்கொண்டு வெண்மையான வீழ்படிவாகும் வரை மஞ்சள் மாறாது. குளோரைடு தீர்ந்த அடுத்த சொட்டிலே செங்கல் நிறம் தலைகாட்டும். அங்கே நிறுத்திப் பியூரெட்டைப் படிக்க வேண்டும். செலவான வெள்ளியின் அளவே குளோரைடின் அளவு. ஆகவே வெள்ளி நைட்ரேட்டின் வலிமையை நாம் நம்பியே கணக்கு முழுவதும் நிற்கிறது.

அந்த வலிமையை எப்படிச் சோதிப்பது? விடை தெரிந்த கேள்வி ஒன்றை அதனிடம் கேட்க வேண்டும். உலர்த்திய தூய சோடியம் குளோரைடு 0.824 கிராம் எடுத்து, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், அதில் குளோரைடு 500 மில்லிகிராம் இருக்கும். இதில் ஐயத்துக்கு இடமில்லை. புதிதாக வாங்கிவந்த வடிநீரில் அதைத் தயாரித்து, எங்கள் வெள்ளி நைட்ரேட்டால் அளந்தோம். 500 காட்ட வேண்டியது 614 காட்டியது. மீண்டும் அளந்தோம், 612. மூன்றாம் முறையும் அதுவே.

காரணம் புட்டியின் அடியிலே கிடந்தது. வெண்மையாக இருந்து, வெளிச்சம் பட்டு ஊதாக் கருமை ஏறிய மெல்லிய படிவு. வடிநீர்க் கலம் காலியானபோது, பணியாள் நல்லெண்ணத்துடன் குழாய் நீரை ஊற்றி நிரப்பியிருக்கிறார். அந்த நீரில் கரைசல் தயாரித்தவன் நான். குழாய் நீரின் குளோரைடு, வெள்ளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை முன்னதாகவே விழுங்கிவிட்டது. வலிமை குறைந்த கரைசல் அதிகமாகச் செலவாகும். எண் உயர்ந்து தெரியும். கணக்கிட்டுத் திருத்தியபோது எங்கள் 1,720 உண்மையில் 1,400 என்று ஆயிற்று. புதிய கரைசல் செய்து, அதே நாளில் எடுத்து மூடி வைத்திருந்த மறு புட்டி நீரைச் சோதித்தோம். ஒரு மாணவனுக்கு 1,390, மற்றொருவனுக்கு 1,400. மூன்று தாள்களில் மிகவும் நியாயமாகத் தோன்றியது எதுவோ, அதுவே தவறானது!

பிழை விவசாயிக்குச் சாதகமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உடனிருந்த ஆசிரிய நண்பர் ஒருவர், "விட்டுவிடலாமே, 1,400 என்றாலும் குடிக்க ஆகாத நீர்தானே, பாவம், அவருக்கு நன்மையாகவே இருக்கட்டும்" என்றார். எனக்கு அது சரியெனப் படவில்லை. எதிர்த் தரப்பில் ஒருவர் அதே கிணற்று நீரை எடுத்துச் சென்று சோதித்து, பள்ளியின் எண் ஐந்தில் ஒரு பங்கு மிகை என்று காட்டிவிட்டால், உண்மையான அந்த 2,150-ஐயும் யார் நம்புவார்கள்? அவ்வூரில் நாங்கள் சோதித்த மற்றக் கிணறுகளின் எண்களும் கூடவே சாய்ந்துவிடும். அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்று, எங்கள் தாளைத் திருப்பிக் கேட்டேன். நடந்ததை விளக்கினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ எங்க தண்ணி கொஞ்சம் தேவலையா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு வழக்கைவிடக் கிணறு பெரியதாக இருந்தது.

இனி, நீங்கள் சோதிக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

பிழைகளில் பெரும்பாலானவை சோதனைச்சாலையில் அன்று, கிணற்றடியிலே பிறக்கின்றன. குளிர்பானப் புட்டியைக் கழுவாமல் கொண்டுவருவார்கள். தொட்டியில் நாலு நாள் நின்ற நீரை மொள்ளுவார்கள். புட்டியை எந்த நீரால் நிரப்பப் போகிறோமோ, அந்த நீராலேயே மூன்று முறை அலசவேண்டும். ஆழ்குழாய்க் கிணறானால், குழாயில் தேங்கிய பழைய நீர் வெளியேறும் வரை சில நிமிடங்கள் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். திறந்த கிணறானால் மேற்பரப்பின் பாசியை விலக்கி, உள்ளிருந்து எடுக்கவேண்டும். எப்போதும் இரண்டு புட்டிகள் எடுங்கள். அந்த இரண்டாவது புட்டி இல்லாதிருந்தால், என் கதை வேறு விதமாக முடிந்திருக்கும்.

இப்போது கைக்கு அடக்கமான டி.டி.எஸ். மீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. நீரில் நனைத்தவுடன் எண் தோன்றுவதால், அது உப்பை நிறுத்துச் சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது அளப்பது நீரின் மின்கடத்து திறனை மட்டுமே. அதை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி உப்பின் அளவாகக் காட்டுகிறது. அந்தப் பெருக்கெண் ஒரு கருவியில் 0.5 ஆகவும் மற்றொன்றில் 0.7 ஆகவும் இருக்கலாம். மின்கடத்து திறன் 2,000 உள்ள ஒரே நீரை ஒரு கருவி 1,000 என்னும், மற்றது 1,400 என்னும். இரண்டிலும் கோளாறு இல்லை. அன்றியும், வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் கடத்து திறன் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு உயரும். வேலூர்க் கோடையில், வெயிலில் நின்ற தொட்டி நீர் எவ்வளவு சூடாயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பல கருவிகள் வெப்பத்துக்குத் தாமே திருத்திக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் கருவியின் முனை நீரின் வெப்பத்தை அடைய ஒரு நிமிடமாவது கொடுக்க வேண்டாமா? நனைத்த கணத்திலே படித்துவிட்டுக் கருவியைக் குறை சொல்வதில் பயனில்லை.

இதற்கும் விடை தெரிந்த கேள்வி ஒன்று உண்டு. 7.456 கிராம் உலர்ந்த பொட்டாசியம் குளோரைடை ஒரு லிட்டர் வடிநீரில் கரையுங்கள். அதிலிருந்து 100 மில்லி எடுத்து மீண்டும் ஒரு லிட்டராக்குங்கள். 25 டிகிரி வெப்பத்தில் அதன் கடத்து திறன் 1,413 மைக்ரோசீமன்ஸ். அதே கரைசலில் குளோரைடு லிட்டருக்கு 354 மில்லிகிராம். ஒரே புட்டியைக் கொண்டு மீட்டரையும் வெள்ளி நைட்ரேட்டையும் இரண்டையுமே விசாரித்துவிடலாம். பள்ளிக்கூடத்துக்கு இதைவிடச் சிக்கனமான நடுவர் கிடைக்கமாட்டார்.

கடலைப் பற்றித் தொடங்கினேன்; அங்கே இப்போது போகலாம். சாலஞ்சர் என்ற ஆங்கிலக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி நீர் சேகரித்துவந்தது. அவற்றில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற இரசாயன நிபுணர் பகுத்துப் பார்த்து, 1884-இல் முடிவுகளை வெளியிட்டார். கடலின் உப்பு எங்கே கூடினாலும் குறைந்தாலும், அதிலுள்ள பொருள்களின் விகிதம் ஏறத்தாழ மாறுவதே இல்லை என்பது அதனால் உறுதிப்பட்டது. ஆகவே குளோரைடு ஒன்றை அளந்தாலே போதும், கடல் நீரின் மொத்த உப்பையும் கணக்கிட்டுவிடலாம். பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் கடலாராய்ச்சியாளர் கையாண்டது, எங்கள் பள்ளியில் செய்த அதே வெள்ளி நைட்ரேட்டுச் சோதனையைத்தான்.

ஆனால் ஒவ்வொரு நாட்டின் வெள்ளி நைட்ரேட்டும் ஒரே வலிமையாக இருக்குமா? டென்மார்க் நாட்டு மார்ட்டின் க்னுட்சென் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு வழி செய்தார். அளவு துல்லியமாக அறியப்பட்ட கடல் நீரைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, வாயை உருக்கி மூடி, கோபன்ஹேகனிலிருந்து உலகின் சோதனைச்சாலைகளுக்கு அனுப்பினார்கள். தம் கப்பலின் நீரை அளக்குமுன் அந்தக் குப்பியின் நீரை அளந்து, தம் கரைசலைச் சரிபார்த்துக்கொள்வார்கள். நாங்கள் கரைத்த 0.824 கிராம் உப்பு, கோபன்ஹேகன் குப்பியின் ஏழைத் தம்பி என்று சொல்லலாம்.

இன்று நகரங்களில் கடல்மீன் தொட்டி வைத்து வளர்ப்போர் இருக்கின்றனர். என் பழைய மாணவர் ஒருவர் ஆம்பூரில் அவ்வாறு வளர்க்கிறார். ஒளிவிலகலைக் கொண்டு உப்பை அளக்கும் சிறு குழாய்க்கருவி அவரிடம் இருந்தது. அதை வடிநீரில் பூஜ்யத்துக்குச் சரிசெய்துவிட்டு, 35 என்ற கடல் அளவிலும் சரியாகவே காட்டும் என்று நம்பியிருந்தார். சமையலுப்புக் கரைசலுக்கென அளவிட்ட கருவி கடல் நீரில் சற்றுக் கூட்டியே காட்டும். பூஜ்யத்தில் சரியாக இருப்பது 35-இல் சரியாக இருப்பதற்குச் சான்றாகாது. அளக்கப்போகும் அளவுக்கு அருகிலேயே சோதிக்கவேண்டும். நைட்ரேட்டுச் சோதனைப் புட்டியையும் அவர் குலுக்காமலே சொட்டுவிட்டு வந்தார். சிலவகைப் புட்டிகளில் வேலை செய்யும் உலோகத் தூள் அடியிலே படிந்துகிடக்கும். குலுக்காவிட்டால் நைட்ரேட்டு இல்லை என்றே நிறம் சொல்லும். மீன் வேறு விதமாகச் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. கடலுக்குச் செல்லுபடியாகும் அந்த ஒரே விகிதம் நம் கிணறுகளுக்குச் செல்லாது. இங்கே குளோரைடோடு சல்பேட்டும் பைகார்பனேட்டும் சுண்ணமும் கிணற்றுக்குக் கிணறு வெவ்வேறு விகிதத்தில் கலந்துள்ளன. குளோரைடை வைத்து மொத்த உப்பையோ, மொத்த உப்பை வைத்துக் குரோமியத்தையோ ஊகிக்கக் கூடாது. குடிநீரில் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அதை நாக்கும் அறியாது, டி.டி.எஸ். மீட்டரும் அறியாது. நோய்க்கிருமிக்கும் அப்படியே.

குரோமியம் என்றதும் நினைவுக்கு வருகிறது. குளோரைடுச் சோதனையில் நாம் துளியாக விடும் பொட்டாசியம் குரோமேட்டும் குரோமியமே. அதுவும் கொடிய வகை. நூற்றுக்கு ஐந்து வலிமையுள்ள கரைசலின் ஒரு மில்லியில் சுமார் 13 மில்லிகிராம் குரோமியம் இருக்கிறது. 260 லிட்டர் நீரைக் குடிநீர் வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவர அது போதும். தோல் ஆலையைக் குற்றம் சாட்டும் சோதனையைச் செய்துவிட்டு, குடுவையைப் பள்ளிச் சாக்கடையில் கவிழ்க்கும் வழக்கம் எங்களுக்கும் சில காலம் இருந்தது. பிறகு ஒரு மூடிய கலத்தில் சேர்த்துவைத்து, முறைப்படி அகற்றுவோரிடம் ஒப்படைத்தோம்.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி அளிக்கவேண்டும் என்று வகுத்தார்கள். அந்தப் பெட்டியோடு என் வீட்டுத் திண்ணைக்கு வரும் பெண்கள் உண்டு. சொட்டுப்புட்டியைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் பருமன் மாறும், நேராகப் பிடியுங்கள்; நிறத்தை நிழலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், குழல் விளக்கடியில் வேண்டாம்; புட்டியின் காலாவதித் தேதியைப் பாருங்கள் என்று சொல்வேன். அவர்களில் ஒருவர், "ஐயா, தெரிஞ்ச தண்ணியை முதல்ல வச்சுப் பார்க்கலாமா?" என்று தாமாகவே கேட்டார். என் வகுப்பில் நான் அதைச் சொல்லிக்கொடுக்கப் பதினைந்து ஆண்டு ஆயிற்று.

அந்தக் குடியானவருக்குத் திருத்திய தாளைக் கொடுத்தேன். தேதி, நீர்மட்டம், சோதித்த இருவரின் எண்கள், சரிபார்த்த கரைசலின் எண் எல்லாவற்றையும் எழுதி, நவம்பர்த் தாளையும் மே மாதத் தாளையும் சேர்த்தே வைக்கும்படி சொன்னேன். அடுத்த மே மாதம் மாணவர்கள் அவர் கிணற்றுக்கு மீண்டும் சென்றார்கள், நவம்பரிலும் சென்றார்கள். நான் ஓய்வு பெறும் வரை ஆண்டுக்கு இருமுறை அது நடந்துவந்தது. அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் 1,720 என்ற எண்ணின்மேல் ஒரே கோடு கிழித்திருக்கிறது; எண் இன்னும் தெளிவாகப் படிக்க முடிகிறது. பக்கத்தில் 1,400 என்று சிவப்பு மையில் எழுதி, அன்றைய தேதியிட்டு, என் கையொப்பம் இட்டிருக்கிறேன்.